காரணம் கேட்கக் கூடாத ஊர்

1

இந்தக் கதையை நாற்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன். நாற்பது வருஷமும் தப்பாகச் சொல்லியிருக்கிறேன். முதலிலேயே இதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், கண்ணுகளா.

அந்தமானில், ஹேடோவில் எங்கள் குவார்ட்டர்ஸ் மாடிப்படியில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாலைந்து பெண்கள் வந்து உட்காருவார்கள். ஒருத்தி தலை வாருவாள், ஒருத்தி கீரை ஆய்வாள், நான் கதை சொல்வேன். அவர்கள் அதிகமாகக் கேட்டது, பதினோரு குடும்பம் சேர்ந்து காட்டை வெட்டி உண்டாக்கின ஊரின் கதை. வேலை வாங்குகிற மேட் இல்லாத ஊர், ஜாதி கேட்காத ஊர், மணியடிக்காத ஊர். அறுவடையோடு முடிப்பேன். அப்படியும் ஒரு ஊர் இருந்ததா என்று பெருமூச்சு விடுவார்கள். இருந்தது. அதில் நான் சமைத்தேன்.

போன மாதம் மாடி வீட்டு சுசீலா டீச்சர் ஒரு நோட்டும் பேனாவும் கொண்டுவந்து கொடுத்தாள். பெண்கள் சேர்ந்து கையெழுத்து மலர் ஒன்று கொண்டுவரப் போகிறார்களாம். நல்ல ஊர் எப்படி இருக்க வேண்டும் என்று தலைப்பாம். "நீங்க சொல்ற கதையை அப்படியே எழுதிக் குடுங்க மரகதக்கா, போதும்" என்றாள்.

அப்படியே எழுதத்தான் உட்கார்ந்தேன். முதல் வரி முடிவதற்குள் ருக்கு வந்து அந்த வரியின் மேல் உட்கார்ந்துகொண்டாள். வாயால் சொல்லும்போது அவளைத் தாண்டிப் போய்விடுவேன். கேட்பவர்கள் முகத்தைப் பார்த்து வேகத்தைக் கூட்டிக்கொள்வேன். காகிதத்தில் அது முடியவில்லை. எழுந்திரு என்றேன். எழுந்திருக்கவில்லை.

அன்றைக்கும் அப்படித்தான்.

2

மூன்று தொடக்கம் எழுதிப் பார்த்தேன். அடித்ததையும் விட்டு வைத்திருக்கிறேன், பாருங்கள்.

'சௌல்தாரிக்கு அப்பால் மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு —'

அந்தமானில் மழை விடாமல் பெய்ததை ஒரு சேதியாக எழுதினால் படிக்கிறவர்கள் சிரிப்பார்கள். விட்டுவிட்டேன்.

'சிவஞானம் நல்ல மனிதர்.'

இது உண்மை. ஆனால் கதை இப்படித் தொடங்கினால், இந்த ஆள் எப்போது கெட்டவனாவான் என்று நீங்கள் காத்திருக்க ஆரம்பித்துவிடுவீர்கள். அவர் கெட்டவராகவே இல்லை. எங்கள் ஊரில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. எனக்கு இன்றும் அதிர்ச்சி அதுதான்.

'ஒரு நாள் காலை ருக்கு வேலைக்கு வரவில்லை.'

இது இருக்கட்டும். இதுதான் தொடக்கம். ஆனால் இந்த வரி உங்களுக்கு ஏன் சாதாரணமாகப் படுகிறது, எங்களுக்கு ஏன் இடி விழுந்த மாதிரி இருந்தது என்று தெரிய, அதற்கு இரண்டு வருஷம் முன்னால் போக வேண்டும்.

3

அறுபத்தொன்றில் நாங்கள் ஒரு மரக் காண்ட்ராக்டரின் கேம்ப்பில் இருந்தோம். ராமநாதபுரத்து ஆட்கள், சேலத்து ஆட்கள், எங்களைப் போலத் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். ஆண்கள் மரம் வெட்டினார்கள், பெண்கள் பட்டை உரித்தார்கள், எனக்குச் சமையல். என் வீட்டுக்காரர் மரம் அறுப்பவர். [அவருக்கு இந்தக் கதையில் வேலை இல்லை. பின்னால் வரிசையில் ஒரு தலையாக வருவார்.]

காலை ஆறு மணிக்கு ஒரு தண்டவாளத் துண்டைத் தட்டுவார்கள். ஆறு தட்டு. உடனே எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டும். பேர் கூப்பிடக் கூப்பிட 'ஹாஜிர்' என்று சொல்ல வேண்டும்; வந்திருக்கிறேன் என்று அர்த்தம். எல்லாப் பேரும் முடிந்தபின் மேட் 'ஜாவ்' என்பான். போ. அவன் அதைச் சொல்லும்வரை ஒருவர் அசையக் கூடாது. அட்டை காலில் ஏறினால்கூடக் குனிந்து பிடுங்கக் கூடாது.

தண்டவாளத்தைத் தட்டி, பேரைக் கூப்பிட்டு, மஸ்டர் என்கிற வருகைக் காகிதத்தில் டிக் போடுகிறவர் சிவஞானம். அவர் டைம் கீப்பர். மெலிந்த ஆள், சட்டையின் மேல் பொத்தானைக்கூடப் போட்டிருப்பார்.

ஒரு காலை பாலசுப்பிரமணியம் என்ற சேலத்துக்காரன் இன்றைக்கு முடியாது என்றான். ஏன் என்று மேட் கேட்டான். காய்ச்சல் என்றான். மேட் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். இத்தனை சூடெல்லாம் ஒரு சூடா என்றான். பாலசுப்பிரமணியம் வரிசையில் நின்றான். பேர் வந்தது. ஹாஜிர் என்றான். சிவஞானம் டிக் போட்டார். மூன்றாம் நாள் அவனைப் புதைத்தோம்.

காண்ட்ராக்ட் முடிந்து பாதிப்பேர் மெட்ராஸ் கப்பலில் மெயின்லேண்டுக்குத் திரும்பினார்கள். பதினோரு குடும்பம் திரும்பவில்லை. சௌல்தாரிக்கு அப்பால் காடு வெட்டி வயலாக்கிக்கொள்ள எங்களுக்கு இடம் கிடைத்தது. அங்கே போன முதல் நாள் சிவஞானம் பழைய மஸ்டர் காகிதம் ஒன்றின் பின்பக்கத்தில் ஐந்து சட்டம் எழுதிப் படித்தார். யாரும் யாருடைய ஜாதியையும் கேட்கக் கூடாது. எல்லோருக்கும் ஒரே அடுப்பு. மேட் கிடையாது, மணி கிடையாது. ஐந்தாவது, போக நினைக்கிறவர் எப்போது வேண்டுமானாலும் போகலாம்.

நாலாவதை அவர் கடைசியில் படித்தார். 'வேலை செய்ய இஷ்டமில்லாதவர் செய்ய வேண்டாம். அவருக்கும் சாப்பாடு உண்டு. காரணம் கேட்கக் கூடாது.'

என் வீட்டுக்காரர், அதென்ன காரணம்கூடக் கேட்கக் கூடாது என்றார். [பாருங்கள், வேலை இல்லை என்றேன், வந்துவிட்டார்.] சிவஞானம் சொன்னது எனக்கு எழுத்து எழுத்தாக நினைவிருக்கிறது.

"காரணம் கேட்டதாலதாம்ப்பா அவன் செத்தான். கேக்கிற இடத்துல ஒருத்தன் காரணம் சொல்லணும். சொன்னா, அது போதுமா போதாதான்னு இன்னொருத்தன் நெத்தியைத் தொட்டுப் பார்ப்பான். நம்ம ஊர்ல யாரும் யாரு நெத்தியையும் தொட வேணாம்."

எல்லோரும் அழுதோம். கைநாட்டு வைக்கிறவர்கள் வைத்தோம்.

இன்னொன்றையும் செய்தோம். கேம்ப்பிலிருந்து அந்தத் தண்டவாளத் துண்டைத் தூக்கிக்கொண்டு வந்து, அடுப்புக் கொட்டகைக்கு முன்னால் ஒரு மரத்தில் கட்டித் தொங்கவிட்டோம். இனி அடிக்கவே மாட்டோம் என்பதற்கு அடையாளமாக. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவோம். நான் அதில் முறத்தை மாட்டி வைப்பேன். அதைக் கடலில் தள்ளியிருக்கலாமே என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு முப்பத்தாறு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

4

நாலாவது சட்டம் எங்களுக்குப் பெரிய பெருமை. இரண்டு வருஷம் யாரும் அதைத் தொடவில்லை என்பதால் இன்னும் பெருமை. ஹேடோவிலிருந்து உப்பும் மண்ணெண்ணெயும் கொண்டுவரும் சிராஜ் பாய் அதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் நானும் இங்கேயே படுத்துக்கொள்கிறேன், ஜீப்பை நீங்கள் ஓட்டுங்கள் என்பார். ஒவ்வொரு தடவையும் சிரிப்போம். பக்கத்து வங்காளிக் குடியிருப்பில் எங்களுக்கு 'பாகல் பஸ்தி' என்று பேர், பைத்தியக்காரர் குடியிருப்பு. அதற்கும் சிரிப்போம்.

அறுபத்து மூன்று. ஆடி நடவு. நாற்று முற்றிக்கொண்டிருந்தது. மழை கொடுத்திருந்த இடைவெளி இருபது நாள்கூட இல்லை.

ஒரு நாள் காலை ருக்கு வேலைக்கு வரவில்லை.

ருக்கு யார் என்று சொல்ல வேண்டும். முதல் பிரதியில் அவளை அழகாக எழுதியிருந்தேன். பொய். முன்பல் ஒன்று பாதி உடைந்தவள், முப்பது வயது, எங்களில் வேகமாக நடுகிற கை அவளுடையது. புருஷன் குழந்தைவேலு. அதிர்ந்து பேசாதவன், அவள் பேசுவாள், அவன் தலையாட்டுவான். சண்டை கேட்டதில்லை.

வயலோரம் ஒரு படாக் மரம் வெட்டுப்பட்டு இழுக்க முடியாமல் கிடந்தது. ருக்கு அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். உடம்பு சரியில்லை என்று நினைத்துச் சுக்குத் தண்ணீர் கொண்டு போனேன்.

"உடம்புக்கு ஒண்ணுமில்லக்கா" என்றாள்.

"பின்னே?"

கேட்டவுடன் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் சிரித்தாள். உடைந்த பல் தெரிந்தது.

"நாலாவது சட்டம்" என்றாள். சுக்குத் தண்ணீரையும் வாங்கிக் குடித்தாள்.

5

முதல் வாரம் எங்களுக்குப் பெருமையாக இருந்தது. இதைச் சத்தியமாகச் சொல்கிறேன். நம் சட்டம் வெறும் காகிதம் இல்லை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். சிவஞானம் சிராஜ் பாயை அழைத்துப் போய்த் தூரத்திலிருந்து அவளைக் காட்டினார். சிராஜ் பாய் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "நெசமாப் பாத்தா ஆச்சரியம்தான் சாப். ஆனா நான்னா ரெண்டாம் நாளே எந்திரிச்சிருவேன். முதுகு குறுகுறுங்கும்" என்றார்.

இரண்டாவது வாரம் எங்கள் முதுகு குறுகுறுக்க ஆரம்பித்தது.

யாரும் காரணம் கேட்கவில்லை. சட்டத்தை மீறவே இல்லை. காரணங்களை நாங்களே கொண்டுபோய்க் கொடுத்தோம். பக்கத்துக் குடிசைப் பொன்னம்மா போய், உனக்கு மூன்று மாதமாக இருக்கும், நான் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றாள். இல்லை என்றாள் ருக்கு. வேறொருத்தி, ஊரில் உன் அம்மாவுக்கு ஏதோ ஆகியிருக்கிறது, கப்பலில் கடிதம் வந்திருக்கிறது என்றாள். வரவில்லை என்றாள். பேய் பிடித்திருக்கிறது என்றுகூட ஒருவர் பரிவோடு சொன்னார். அதற்கு அவள், பிடித்தால் சொல்கிறேன் என்றாள். ஒரு காரணத்தை மட்டும் அவள் வாங்கிக்கொண்டிருந்தால் போதும், காலம் முழுக்க அவளைத் தூக்கி வைத்துச் சோறு போட்டிருப்போம். அவளோ வேளைக்குச் சாப்பிட்டாள், தட்டைக் கழுவி வைத்தாள், மரத்தின் மேல் போய் உட்கார்ந்து வானத்தைப் பார்த்து ஏதோ முனகிப் பாடினாள். அழுகை இல்லை. அதுதான் தாங்கவில்லை.

குழந்தைவேலு இரண்டு ஆள் நடவு நட்டான். ஒரு சாயங்காலம் கை கழுவ வந்தவனிடம், நீயாவது கேட்டாயா என்று மெதுவாக விசாரித்தேன்.

"நான் எப்படிக்கா கேக்குறது? பக்கத்துல படுக்கிறவனே கேட்டுட்டா அப்புறம் சட்டம் என்னத்துக்கு?" என்றான். கண் சிவந்திருந்தது.

கண்ணுகளா, பன்னிரண்டு நாள் ஒரு மனுஷன் பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் படுத்து எழுந்திருக்கிறான், அதை நாங்கள் நாகரிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். எனக்கு அப்போது அதிர்ச்சியாக இல்லை. இப்போதுதான்.

6

இந்த இடத்தில் நான் நாலு நாள் எழுதாமல் இருந்தேன். சுசீலா வந்து கேட்டாள்: "அக்கா, அந்தப் பொண்ணு ஏன் உட்கார்ந்தான்னு சொல்லாம விட்டா படிக்கிறவங்களுக்குப் புரியாதே."

சரி என்று எழுதிப் பார்த்தேன்.

'ருக்குவின் குழந்தை கேம்ப்பில் இறந்திருந்தது. அந்தத் துக்கம் இரண்டு வருஷம் கழித்து —'

'ருக்குவை யாரோ ஒருவன் வயலில் வைத்து —'

'ருக்கு இந்தச் சட்டத்தைச் சோதித்துப் பார்க்கவே வேண்டுமென்று —'

மூன்றும் நன்றாக வந்தன. குழந்தையை வைத்து எழுதின பக்கத்தைப் படித்து நானே அழுதேன். அழுதபிறகுதான் உறைத்தது. நான் பொன்னம்மா செய்ததைச் செய்துகொண்டிருக்கிறேன். ருக்குவுக்கு ஒரு காரணத்தைக் கொண்டுபோய் நீட்டுகிறேன், வாங்கிக்கொள் வாங்கிக்கொள் என்று. வாங்கிக்கொண்டால் அவள் மேல் எல்லோருக்கும் இரக்கம் வரும். அவளுடைய நெற்றியைத் தொட்டுப் பார்த்து, ஆமாம், இத்தனை சூடு போதும் என்று நீங்களும் நானும் சொல்லிவிடலாம்.

அந்தப் பக்கங்களைக் கிழித்து அடுப்பில் போட்டேன். சுசீலா, உனக்குப் புரியாவிட்டால் பரவாயில்லை அம்மா. எனக்கும் அன்றைக்குப் புரியவில்லை.

[எழுத்து நான் பள்ளியில் கற்றதில்லை. கேம்ப்பில் ஒட்டியிருந்த மஸ்டர் காகிதத்தில் பேர்களைப் பார்த்துப் பார்த்துப் படித்தேன். முதலில் தெரிந்துகொண்ட எழுத்து என் பேரில் உள்ள 'ம'. பேருக்கு எதிரே டிக் இருந்தால்தான் ஆள் இருப்பதாக அர்த்தம் என்று நினைத்துக்கொண்டு பல நாள் என் பேருக்கு எதிரே தேடியிருக்கிறேன்.]

7

பதின்மூன்றாம் நாள் காலை.

வாயால் சொல்லும்போது இந்தப் பகுதியே கிடையாது. எழுதின முதல் பிரதியில் இப்படி இருக்கிறது: 'பொறுமை இழந்த சிவஞானம் ஒரு காலை கோடாரியை எடுத்து, இரண்டு வருஷமாக ஊமையாய்த் தொங்கின தண்டவாளத்தை ஓங்கித் தட்டினார்.'

எவ்வளவு பொருத்தம், பாருங்கள். சட்டம் எழுதினவரே சட்டத்தை உடைக்கிறார். கதைக்கு எடுப்பாக இருக்கிறது. நீங்களும் முதலிலிருந்தே எதிர்பார்த்தீர்கள்.

தட்டினது நான்.

இதை எழுதி முடித்து எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இப்போது சொல்கிறேன்.

விறகு ஈரம். புகை கண்ணைப் பிடுங்கிற்று. முப்பத்தாறு பேருக்குக் கஞ்சி. ருக்கு வந்து, தூணில் சாய்ந்து நின்று, "இன்னிக்கி கஞ்சி வாசனையா இருக்குக்கா" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். அவளை நிமிர்ந்து பார்த்தேன். நன்றாகத் தூங்கி எழுந்த முகம். கேம்ப்பிலும் சரி, இந்த நல்ல ஊரிலும் சரி, அப்படி ஒரு தெளிந்த முகத்தை நான் பார்த்ததில்லை. என் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அவள் போய் மரத்தின் மேல் உட்கார்ந்தாள்.

நான் விறகு பிளக்கிற கோடாரியை எடுத்தேன். முறத்தைக் கழற்றிக் கீழே வைத்தேன்; அதைக்கூடப் பத்திரமாகத்தான் வைத்தேன். கோடாரியின் பின்பக்கத்தால் தட்டினேன். அவளை எழுப்பத்தான். அவள் ஒருத்தியைத் துணுக்குற வைக்கத்தான். ஒன்றோடு நிறுத்தியிருக்கலாம். கை பழக்கத்தில் ஆறு தட்டிற்று.

என்ன ஆனது என்று சொல்லட்டுமா?

அவள் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான். மற்ற எல்லோரும் ஓடி வந்தார்கள்.

8

ஓடி வந்தார்கள். மழைத்தூறலில், பல்பொடி நுரையோடு, ஒற்றைக் காலில் செருப்போடு. குழந்தைகளைக் கீழே விட்டுவிட்டு வந்தார்கள். வந்து நின்றார்கள். கேம்ப்பில் யார் பக்கத்தில் யார் நின்றார்களோ அதே வரிசை. ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் நின்றார், இடமிருந்து ஐந்தாவது. குழந்தைவேலு நின்றான், ஒன்பதாவது. பொன்னம்மா நின்றாள். கோடாரியைக் கையில் பிடித்தபடி என் கால்களும் போய் வரிசையின் கடைசியில், சமையல்காரி நிற்கிற இடத்தில், நின்றன. நான் அடித்த மணிக்கு நானே போய் நின்றேன்.

சிவஞானம் வந்தார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார். வரிசையில் நிற்கவில்லை. வரிசைக்கு முன்னால், எங்களைப் பார்த்து, அவருடைய பழைய இடத்தில் நின்றார். கையில் காகிதம் இல்லை. உள்ளங்கையை விரித்துக் காகிதம் போல் பிடித்துக்கொண்டு பேர் கூப்பிட ஆரம்பித்தார்.

ஹாஜிர். ஹாஜிர். ஹாஜிர்.

"பாலசுப்பிரமணியம்."

ஒரு ஹாஜிர் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் அவர் நின்றார். பிறகு வெறும் விரலால் உள்ளங்கையில் டிக் போட்டார். அடுத்த பேருக்குப் போனார்.

[இதை நான் கூட்டிச் சொல்லவில்லை. கூட்டிச் சொல்லத் தெரிந்தவள்தான். இதைக் கூட்டிச் சொல்லவில்லை.]

"ருக்கு."

எல்லோரும் மரத்தைப் பார்த்தோம். அவள் எழுந்தாள். வருகிறாள் என்று எனக்கு, வெட்கத்தோடு சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது. அவள் கொட்டகைக்குள் போய்த் தன் தட்டையும் டம்ளரையும் எடுத்துக்கொண்டாள். குடிசைக்குப் போய் ஒரு துணி மூட்டையோடு வெளியே வந்தாள். வரிசைக்கும் சிவஞானத்துக்கும் நடுவிலிருந்த இடத்தில் நடந்து வந்தாள். முகத்தில் கோபம் இல்லை. பயந்துபோயிருந்தாள். தண்ணீரில் பிணம் மிதப்பதைப் பார்த்தவர்கள் முகம் போல இருந்தது.

என் எதிரில் நின்றாள்.

"கோடாலியக் கீழ வைக்கா. கை வலிக்கும்."

என்னால் வைக்க முடியவில்லை. அவள் நகர்ந்து குழந்தைவேலு முன்னால் போய் நின்றாள்.

"வர்றீங்களா?"

அவன் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். மூக்கு நுனியில் மழைத்தண்ணீர் சொட்டிற்று. அவள் காத்திருந்தாள். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. கொட்டகையில் கஞ்சி அடிப்பிடிக்கிற வாசனை வரும்வரை காத்திருந்தாள்.

அவன் உதடு மட்டும் அசைந்தது.

"இன்னும் ஜாவ் சொல்லலியே."

அவள் சிவஞானத்தைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு வார்த்தை. அதை அவர் சொல்லியிருந்தால் போதும். அவர் வாயைத் திறந்தார். நல்ல மனிதர், கண்ணெல்லாம் தண்ணீர். மேட் இல்லாத ஊரில் அந்த வார்த்தையை யார் சொல்வது? அவர் டைம் கீப்பர். பேர் கூப்பிடுவதோடு அவர் வேலை முடிந்தது. வாய் திறந்தபடியே இருந்தது.

அவள் போனாள். ஐந்தாவது சட்டப்படி யாரும் தடுக்கவில்லை.

9

பாதை வளைவில் அவள் மறைந்தபிறகு, யாரோ ஒருவர் ஜாவ் என்றார். குரல் யாருடையது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எல்லோரும் வயலுக்குப் போனோம். நாலே நாளில் நடவு முடிந்தது. அந்த வருஷம் விளைச்சல் நன்றாக இருந்தது. மாடிப்படியில் நான் முடிக்கிற அறுவடை அதுதான்.

குழந்தைவேலு அன்று மத்தியானமே சௌல்தாரிக்கு ஓடினான். ருக்கு ஏறின சிராஜ் பாயின் ஜீப் போய்விட்டிருந்தது. திரும்பி வந்து சாப்பிட்டான்.

மறுநாள் ஆறு மணிக்குத் தண்டவாளம் ஒலித்தது. கண்ணைத் திறப்பதற்குள் வாசலில் நின்றிருந்தேன். மரத்தடியில் குழந்தைவேலு, என் கோடாரியோடு. அதற்கு மறுநாளும் அவன்தான். நாங்கள் அந்த ஊரைவிட்டுக் கிளம்பின வருஷம்வரை தினமும் அவன்தான்.

ஏன் என்று ஒருவரும் அவனைக் கேட்கவில்லை. எங்கள் சட்டம் அப்படி.

10

இங்கேயே முடித்துவிடலாம் என்று சுசீலா சொல்கிறாள். படித்துவிட்டு நோட்டை மூடினாள். 'இதை மலர்ல எப்படிக்கா போடறது' என்று கடைசியில் கேட்டாள். போடாவிட்டால் போகட்டும். ஆனால் இன்னும் ஒரு பக்கம் பாக்கி இருக்கிறது.

எழுபத்தொன்று. ஹேடோவுக்குப் பக்கத்தில், டெலானிபூரில் ரேஷன் கடை வாசல். மண்ணெண்ணெய்க்கு வரிசை. எனக்கு முன்னால் பதினோரு பேர், பின்னால் அதற்கு மேலே. டின்னைக் கால் விரலால் தள்ளித் தள்ளி நகர்ந்துகொண்டிருந்தேன்.

"இன்னமும் லைன்லதான் நிக்கிறியாக்கா?"

உடைந்த பல்லைத்தான் முதலில் பார்த்தேன். உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது. தோளில் ஒரு பை. வேலைக்குப் போகிறாளா, வேலை முடிந்து வருகிறாளா, சும்மா வருகிறாளா என்று அவளைப் பார்த்துச் சொல்ல முடியாது. என்னைக் கேலி செய்யத்தான் அப்படிச் சொன்னாள். சொன்னபின் அவள் முகத்தில் சிரிப்பு தங்கவில்லை.

நான் என்னென்னவோ உளறினேன். மன்னித்துவிடு என்றேனா? சொன்னதாக ஒரு பிரதியில் எழுதியிருக்கிறேன். குழந்தைவேலு எப்படி இருக்கிறான் என்று அவள் கேட்டாள். இருக்கிறான் என்றேன். மணியைப் பற்றிச் சொல்லவில்லை.

அவள் எதிர்ப்பக்கத்து டீக்கடையைக் காட்டினாள்.

"வா, ஒரு டீ குடிக்கலாம். அன்னிக்கி நான் ஏன் உட்கார்ந்தேன்னு நீ கேளு. உங்கிட்ட சொல்றேன். நீதான் ஒரு தடவ 'பின்னே'ன்னு கேட்டவ."

சொல்லிவிட்டு வரிசைக்கு வெளியே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், நின்றாள். வரிசை ஓர் அடி நகர்ந்தது. பின்னாலிருந்தவர், "ஆகே படோ, ஆகே படோ" என்று, முன்னால் நகரச் சொல்லி, முதுகில் லேசாகத் தட்டினார்.

இரண்டு முடிவு எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் டின்னை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வருகிறேன். டீ ஆறிப்போகும்வரை அவள் சொல்கிறாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, நாலாவது சட்டத்தை இந்தத் தடவையாவது ஒழுங்காகக் காப்பாற்ற வேண்டும் என்று, உங்களிடம் சொல்லாமல் வைத்திருக்கிறேன். இன்னொன்றில் என் கால் அசையவில்லை. யாராவது ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று அது நிற்கிறது. பதினோரு பேர் பத்துப் பேராகிறார்கள், ஒன்பது பேராகிறார்கள். அவள் எவ்வளவு நேரம் காத்திருப்பாளோ அவ்வளவு நேரம் காத்திருக்கிறாள்.

இந்தக் கதையில் ருக்குவின் காரணம் இல்லை. இல்லாததற்கு இந்த இரண்டில் ஒன்றுதான் காரணம்.

எது என்று நான் சொல்ல மாட்டேன். என் கால்களை உங்களுக்கு எட்டாவது பகுதியிலிருந்தே தெரியும். அது தெரிந்த பிறகும், நான் வெளியே வந்திருப்பேன் என்று உங்களில் யாராவது நினைத்தால், கண்ணுகளா, நினைத்துக்கொள்ளுங்கள். ஏன் அப்படி நினைக்கிறீர்கள் என்று நான் கேட்க மாட்டேன்.